நாற்பத்தேழாம் கேள்வியும் ஐந்து டீக்கடைகளும்

1

நம் நகர் நலச் சங்கத்து மலருக்கு ஏதாவது எழுதி அனுப்புங்கள் என்று ஆண்டுதோறும் கேட்கிறீர்கள். கூடவே "வெளிநாட்டில் நம்மவர் சாதனை" என்று தலைப்பையும் கொடுத்துவிடுகிறீர்கள். இதுவரை ஆறு முறை கேட்டீர்கள். ஆறு முறையும் உடம்பு சரியில்லை என்று பதில் போட்டேன். உடம்பு நன்றாகத்தான் இருந்தது. எழுதச் சாதனை இல்லை. இந்த முறையும் இல்லை. ஆனால் போன மாதம் ஒன்று நடந்தது. அதை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு இரத்த அழுத்தம் ஏறும். ஏற்கெனவே நூற்று ஐம்பத்திரண்டு.

இந்த ஜூன் மாதத்தோடு நான் கோவில்பதாகையிலிருந்து கனடாவின் வினிபெக் நகருக்கு வந்து பதினேழு ஆண்டுகள். பதினேழு குளிர்காலம், மூன்று வாடகை வீடு, ஒரு சொந்த வீடு, போன மாதம்வரை பதினோரு சான்றிதழ். பதினொன்றில் பத்து காலாவதியாகிவிட்டன. மிச்சமிருக்கும் ஒன்றும் அக்டோபரில் போய்விடும். எனக்கு அறுபத்தாறு வயது. என் சான்றிதழ்களில் ஒன்றுகூட மூன்று வயதைத் தாண்டியதில்லை.

என் மனைவி செவிலியர். அவளுக்கு இங்கே வேலை கிடைத்தது. நான் அவளுடைய பெட்டிகளோடு வந்தேன். பெட்டிகள் நான்கு, நான் ஐந்தாவது. ஆவடித் தொழிற்சாலையில் கணினிப் பிரிவில் இருபத்திரண்டு ஆண்டு இருந்தவன் என்பதால், இந்த நகரத்து நூலகங்களின் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கும் கிடைத்தது. நூலகங்கள் பன்னிரண்டு. சர்வர் அறை ஒன்று. அறைக்குள் போகும்முன் பனியில் நனைந்த பூட்சைக் கழற்ற வேண்டும். ஆவடியில் செருப்பைக் கழற்றிவிட்டுப் போவோமே, அந்த ஒன்றுதான் எனக்குப் புதிதாக இல்லை.

2

சான்றிதழ் எப்படிச் சாகும் என்று கேட்பீர்கள். என் பி.எஸ்சி. பட்டம் கோவில்பதாகை வீட்டு அலமாரியில் இருக்கிறது. ஒரு மூலையைக் கரையான் தின்றுவிட்டது. ஆனாலும் நான் பட்டதாரிதான். எங்கள் தொழிலில் அப்படி இல்லை. என் நான்காவது சான்றிதழைக் கொடுத்த நிறுவனத்தை இன்னொரு நிறுவனம் வாங்கியது. ஒரு நாள் காலை, "வாழ்த்துகள்! நீங்கள் புதிய குடும்பத்துக்கு மாற்றப்பட்டிருக்கிறீர்கள்" என்று மின்னஞ்சல் வந்தது. எதற்கு வாழ்த்து என்று கடைசி வரிவரை படித்தேன். என் சான்றிதழ் இனிச் செல்லாது. அதே பாடத்தைப் புதுப் பெயரில் மறுபடி எழுதலாம். முதல் மாதத்தில் எழுதினால் கட்டணத்தில் சலுகை உண்டு.

பிறகு எல்லா சர்வரையும் மேகத்துக்கு அனுப்பச் சொன்னார்கள். மேகம் என்றால் வேறு ஊரில் யாரோ வைத்திருக்கும் கணினியை வாடகைக்கு எடுப்பது. அதற்கு மூன்று சான்றிதழ். அனுப்பி முடித்த மறு ஆண்டு, மேகத்தின் வாடகை கட்டுப்படியாகவில்லை, பாதியைக் கீழே இறக்குங்கள் என்றார்கள். இறக்குவதற்கு ஒரு சான்றிதழ். ஏற்றியவனுக்கு இறக்கத் தெரியாதா என்று கேட்டேன். அது வேறு பாடத்திட்டமாம்.

வந்த புதிதில், ஆவடியில் எனக்கு மேலதிகாரியாக இருந்தவர் "எக்ஸ்பயர்டு" என்று சக ஊழியன் கிரெக்கிடம் சொன்னேன். நாம் அப்படித்தானே சொல்வோம். கிரெக் மிகவும் அனுதாபத்தோடு, "புதுப்பிக்க முடியாதா?" என்று கேட்டான். இந்தத் தொழிலில் இருப்பவனிடமிருந்து வேறென்ன கேள்வி வரும்?

கதைக்குத் தேவையில்லை, ஆனாலும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆவடியில் எங்கள் பிரிவில் முப்பது சர்வர்கள் இருந்தன. ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் கடைநிலை ஊழியர் முனுசாமி முப்பதுக்கும் பொட்டு வைப்பார். ஓர் ஆண்டு மெய்நிகர் முறை வந்தது. முப்பது சர்வர்களின் வேலையையும் நான்கு பெரிய பெட்டிகளுக்குள் அடைத்துவிட்டு, மற்றவற்றைத் தூக்கிவிட்டோம். முனுசாமி சந்தனக் கிண்ணத்தோடு வந்து நின்றார்.

"மீதி இருவத்தாறு எங்க சார்?"

"இந்த நாலுக்குள்ளயேதான் இருக்கு முனுசாமி. முப்பதும் ஓடுது. கண்ணுக்குத் தெரியாது."

"கண்ணுக்குத் தெரியாம கீதா? அப்ப சாமி மாரின்னு சொல்லுங்க."

நான்கு பெட்டிகளிலும் கணக்காக முப்பது பொட்டு வைத்துவிட்டுப் போனார். பிற்பாடு நான் படித்த எந்தப் பாடநூலும் இதைவிடத் தெளிவாக விளக்கவில்லை.

3

அந்த நாட்களில் மாலை நாலரைக்குத் தொழிற்சாலை முடியும். ஆவடியில் மின்ரயில் ஏறி மூன்றாவது ஸ்டேஷனான அம்பத்தூரில் இறங்குவேன். ஓ.டி. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஸ்வீட் ஸ்டாலுக்கு மேல் இரண்டாம் மாடியில், டில்லிபாபு என்ற இளைஞர் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் நடத்திக்கொண்டிருந்தார். முப்பத்து நான்கு படி. வாரம் மூன்று நாள் நான் அங்கே சர்வர் நிர்வாகச் சான்றிதழுக்குப் பாடம் எடுத்தேன். அரியர் வைத்த பொறியியல் பட்டதாரிகள், எஸ்டேட்டில், அதாவது அம்பத்தூர் தொழிற்பேட்டையில், ஷிப்டு முடித்துவிட்டுக் கையில் கிரீஸோடு வருபவர்கள் என்று மொத்தம் நாற்பத்திரண்டு பேர்.

"சார், பாடம்லாம் வேணாம். கொஸ்டின், ஆன்சர். அம்புட்டுதான். பசங்க உருப்போட்டுகினு போய் எழுதிட்டு வந்துடுவானுங்கோ," என்றார் டில்லிபாபு.

மறுத்தேன். இரண்டு வாரம் மறுத்தேன். பிறகு நூற்றிருபது கேள்வி பதில், அறுபத்தெட்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். நாற்பத்திரண்டு பிரதி ஜெராக்ஸ் எடுத்தார்கள். அதாவது இரண்டாயிரத்து எண்ணூற்று ஐம்பத்தாறு தாள்.

அதில் நாற்பத்தேழாவது கேள்வி இது: ஐந்து சர்வர்கள் ஒரு குழுவாக இயங்குகின்றன. அதிகபட்சம் எத்தனை விழுந்தாலும் குழு தொடர்ந்து இயங்கும்?

பயப்படாதீர்கள், உங்களுக்கு விடை தெரியும். நம் சங்கத்தில் பாதிக்கு மேல் உறுப்பினர்கள் வந்தால்தான் தீர்மானம் போட முடியும். இல்லாவிட்டால் கூட்டம் ஒத்திவைப்பு. சர்வர்களும் அப்படித்தான். ஐந்தில் குறைந்தது மூன்று உயிரோடு இருக்க வேண்டும். ஆகவே இரண்டு விழலாம். விடை இரண்டு.

நான் மூன்று என்று எழுதியிருந்தேன். எத்தனை விழலாம் என்று கேட்டுவிட்டு, எத்தனை நிற்க வேண்டும் என்பதை எழுதிவிட்டேன். பால் பாக்கெட்டை இரண்டு தடவை எண்ணி வாங்குகிற நான்.

இதை வகுப்பில் ஒருவன்தான் கண்டுபிடித்தான். சுகுமார். எஸ்டேட்டில் வெல்டர். கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து நின்றான்.

"சார், அஞ்சுல மூணு போனா ரெண்டுதான் மிச்சம். ரெண்டு எப்டி சார் பாதிக்கு மேல?"

அவன் முடிப்பதற்குள்ளேயே எனக்குப் புரிந்துவிட்டது. "ஆமாம்பா, தப்பு, திருத்திக்கோங்க" என்று சொல்லியிருந்தால் மூன்று வார்த்தையில் முடிந்திருக்கும். நாற்பத்திரண்டு பேர் என்னையே பார்த்தார்கள். தொண்டையைக் கனைத்துக்கொண்டேன்.

"எங்க தொழிற்சாலை கேட்டுக்கு வெளியே அஞ்சு டீக்கடை இருக்கு. மூணு கடை மூடினாலும் உனக்கு டீ கிடைக்குமா, கிடைக்காதா?"

"கெடைக்கும் சார்."

"அவ்வளவுதான். உட்காரு."

வகுப்பே சிரித்தது. "வெல்டரு, டீ குட்சிட்டு வா மாமே!" என்று ஒரு குரல் வந்தது. சுகுமார் உட்கார்ந்தான். அதற்குப் பிறகு மூன்று மாதத்தில் அவன் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. எல்லா வகுப்புக்கும் வந்தான். நான் வருகைப் பதிவை எண்ணினேன். அடுத்த தடவை ஜெராக்ஸ் எடுக்கும்போது திருத்தலாம் என்று நினைத்தேன். ஆனால் டில்லிபாபு கேள்விக்குக் கீழேயே டீக்கடையையும் சேர்த்து அச்சடித்துவிட்டார். "சோக்கா கீது சார் எக்சாம்பிள்." அடுத்த ஆண்டு நான் விமானம் ஏறினேன்.

4

போன மாதம் எங்கள் சர்வர் அறைக்கு இன்னொரு நிர்வாகியை எடுப்பதற்காக நேர்முகம் நடந்தது. குழுவில் மூன்று பேர்: கிரெக், மனிதவளப் பிரிவைச் சேர்ந்த லிண்டா, நான். தொழில்நுட்பக் கேள்வி பத்து. கேள்விக்கு ஐந்து வீதம் ஐம்பது மதிப்பெண். முப்பத்தைந்து எடுத்தால் தேர்ச்சி. ஒருவரும் தேறாவிட்டால் அந்தப் பதவியே ரத்து. கேள்விகளை எழுதியது கிரெக். அதற்கு முன் வந்த இருவரும் முப்பதைத் தொடவில்லை.

மூன்றாவதாக வந்தவர் ஹேமாவதி. இருபத்தொன்பது வயது. விண்ணப்பத்தில் நம் பக்கத்து ஊர் பட்டாபிராம் என்று படித்ததும் எனக்கு முதுகு நிமிர்ந்தது. ஆனால் காட்டிக்கொள்ளவில்லை, நேர்முகத்தில் ஊர் விசாரிக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. பதினான்காவது விதி. அவர் வினிபெக் வந்து இரண்டு ஆண்டுகளாக ஒரு கிடங்கில் மெத்தைகளுக்கு நெகிழித்தாள் சுற்றிக்கொண்டிருக்கிறார். கையில் மூன்று சான்றிதழ்.

"ஏன் இந்த வேலை, ஏன் இப்போது?" என்று லிண்டா கேட்டார். எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். எல்லோரும் நூலகங்களின் மேல் தங்களுக்குள்ள காதலைச் சொல்வார்கள்.

"என் மூன்று சான்றிதழும் இன்னும் நாற்பது நாளில் காலாவதியாகின்றன," என்றார் ஹேமாவதி. "அதற்குள் இந்தத் துறையில் ஒரு வேலை கிடைக்காவிட்டால் நான் மெத்தை சுற்றுபவள் மட்டும்தான்."

முதல் ஆறு கேள்விகளுக்கும் சொந்த வார்த்தையில், நிதானமாகப் பதில் சொன்னார். நான் நோட்டில் கூட்டிக்கொண்டே வந்தேன். ஏழாவதாக கிரெக் கேட்டான்: ஐந்து சர்வர்கள் உள்ள குழுவில் அதிகபட்சம் எத்தனை விழலாம்?

மேசை ஓரத்தில் அவர் வலது கையைப் பார்த்தேன். கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களில் நகர்ந்தது. நம் ஊர்க்காரர் எண்ணுகிற விதம். ஐந்து கணு எண்ணியது, திரும்பி வந்தது, இரண்டாவது கணுவில் நின்றது. அப்பாடா என்று நினைத்தேன். அப்போது அவர் கண்கள் மேலே போயின. தலைக்குள் ஏதோ ஒரு பக்கத்தைப் புரட்டுகிற கண்கள்.

"மூன்று," என்றார். கிரெக்கின் முகம் மாறுவதைப் பார்த்து அவசரமாகச் சேர்த்தார்: "உதாரணமாக, தொழிற்சாலை கேட்டுக்கு வெளியே ஐந்து டீக்கடைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மூன்று மூடினாலும் டீ கிடைக்கும்."

கிரெக் என்னைப் பார்த்தான். இது உங்கள் ஊர்த் தத்துவமா என்று கேட்கிற பார்வை. என் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தவன், தேவைக்கு மேல் நான்கு வினாடி மேசைக்கு அடியிலேயே இருந்தேன்.

மற்ற ஒன்பது கேள்விகளுக்கும் சேர்த்து முப்பத்து நான்கு. ஏழாவதுக்குப் பூஜ்யம். ஒரு மதிப்பெண் குறைவு. மறுநாள் காலை பத்து மணிக்கு மூவரும் கூடி இறுதி செய்வதாக ஏற்பாடு.

5

மாலை வீட்டில் சொன்னேன். என் மனைவி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். உறைந்த கீரை, பாக்கெட்டில் வருவது, அதையும் உருவுகிறாள்.

"உங்க தப்பு ஏரோப்ளேன் ஏறி வந்திருக்கு. நீங்க வர்றதுக்கு என்கிட்ட எவ்வளவு பேப்பர் கேட்டாங்க! அது விசாவே இல்லாம வந்துடுச்சு பாருங்க," என்றாள்.

மகளிடமும் சொன்னேன். அவளுக்கு இருபத்து நான்கு வயது; செடி வளர்த்து விற்கும் ஒரு பண்ணையில் வேலை. ஒரு சான்றிதழும் இல்லை, நன்றாகத் தூங்குகிறாள். அன்று என்னிடம் பேசிய தமிழ்ச் சொற்கள் பதினொன்று. அவற்றில் நான்கு "அப்பா". மீதி ஆங்கிலத்தில் அவள் சொன்னதன் சாரம்: உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதானே, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? யோசிக்க நிறைய இருக்கிறது. நான் சொன்னால், தப்பாகப் பாடம் எடுத்தவனிடம் பன்னிரண்டு நூலகங்களைக் கொடுத்திருக்கிறோமே என்று லிண்டாவுக்குத் தோன்றாதா? என் கையில் உயிரோடு இருப்பது ஒரே ஒரு சான்றிதழ்.

இரவு எட்டு மணிக்கும் இங்கே வெயில் அடிக்கிறது. நம் ஊரில் அப்போது மறுநாள் காலை ஆறரை. டில்லிபாபுவைப் பிடித்தேன். அம்பத்தூர் ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தார்.

"சார்! இன்னா சார், எத்தினி வருசம் ஆச்சி! சவுக்கியமா கீறீங்களா? அங்க குளிருன்றாங்களே!"

"பாபு, அந்த நோட்ஸ் இன்னும் இருக்கா?"

"இன்னா சார் இப்டி கேட்டுட்டீங்க? அத வச்சித்தான் சென்டரே ஓடுது. இப்ப அகாடமின்னு பேரு மாத்திட்டோம். மூணு பிராஞ்சு. பூந்தமல்லில ஒண்ணு, திருவேற்காட்ல ஒண்ணு. நோட்ஸ் இப்ப பி.டி.எப்பு. எங்கெங்கியோ போவுது. நாம அனுப்பறதில்ல, அதுவா போய்கினே கீது."

"நாப்பத்தேழாவது கேள்வி தப்பு பாபு. மூணு இல்ல, ரெண்டு."

அவர் நடை வேகம் குறைவது செருப்புச் சத்தத்தில் தெரிந்தது.

"டீக்கடையா சார்?"

"அதேதான்."

"தெரியும் சார்."

"தெரியுமா?"

"வருசத்துக்கு ஒரு புள்ளயாவது எந்திரிச்சி கேக்கும். டீக்கடைய சொல்வோம், உக்காந்துடும். அத்த இப்ப மாத்துனா பழைய நோட்ஸ் வச்சிகினு கீறவன்லாம் கொயம்பிடுவான் சார். பாஸ் மார்க்கு எழுவது பர்சன்ட்டு. ஒரு கேள்வி போனா இன்னா? இத்தினி வருசத்துல அந்த ஒண்ணால ஒருத்தன் பெயிலாயிருக்கானா சொல்லுங்க!"

"ஒருத்தி ஆகப்போறா," என்றேன்.

அவர் சொன்னதை எண்ணிப் பார்த்தேன். எழுபது சதவீதம் தேர்ச்சி என்றால், முப்பது சதவீதம் தப்பாகத் தெரிந்து வைத்துக்கொள்ள அனுமதி. வருடத்துக்கு ஒருவர் வீதம் கேட்டிருந்தால் சுகுமாரோடு சேர்த்துப் பதினெட்டுப் பேர். பதினெட்டுப் பேர் சரியாக எண்ணியிருக்கிறார்கள். பதினெட்டுப் பேரையும் என் டீக்கடை உட்கார வைத்திருக்கிறது.

6

மறுநாள் பத்து மணிக்கு கிரெக் மதிப்பெண்களை வாசித்தான். "முப்பத்து நான்கு. வருத்தம்தான். நல்ல பெண்." டீக்கடைக்கு ஒரு மதிப்பெண் கொடுக்க முடியாதா என்று லிண்டாகூடக் கேட்டுப் பார்த்தார். "அது டீயைப் பற்றியது," என்றான் கிரெக்.

"அந்த விடை என்னுடையது," என்றேன்.

ஆரம்பத்திலிருந்து சொன்னேன். அம்பத்தூர், முப்பத்து நான்கு படி, அறுபத்தெட்டு பக்கம், சுகுமார். லிண்டா எழுந்து போய், விண்ணப்பதாரரோடு உறவு இருந்தால் அறிவிக்க வேண்டிய நான்கு பக்கப் படிவத்தைக் கொண்டுவந்தார்.

"இவரை உங்களுக்கு முன்பே தெரியுமா?"

"தெரியாது."

"இவருக்குப் பாடம் எடுத்தீர்களா?"

"இல்லை. நான் ஊரை விட்டு வந்தபோது இவருக்குப் பன்னிரண்டு வயது."

"அப்படியானால் உறவு என்ன? குடும்பம், நட்பு, வியாபாரம், முன்னாள் மாணவர், இதர. ஐந்து கட்டம் இருக்கிறது."

"இதர," என்றேன். விவரம் எழுத மூன்று வரி விட்டிருந்தார்கள். "விண்ணப்பதாரர் சொன்ன தவறு எனக்குச் சொந்தமானது" என்று எழுதினேன். இரண்டு வரி மிச்சம். லிண்டா அதை மூன்று முறை படித்தார். இருபது ஆண்டாக இந்தப் படிவத்தை வாங்குகிறேன், இப்படி ஓர் உறவைப் பார்த்ததில்லை என்றார்.

"டீக்கடையும் உன்னுடையதா?" என்று கிரெக் கேட்டான்.

"டீக்கடையும்."

மேலிடத்துக்குத் தொலைபேசி போயிற்று. நாற்பது நிமிடத்தில் தீர்ப்பு வந்தது. ஏழாவது கேள்வி நீக்கம். அதே பாடத்தில் ஒரு மாற்றுக் கேள்வியை கிரெக் அன்றே காணொளியில் கேட்க வேண்டும். நான் குழுவிலிருந்து நீக்கம். அந்த அறைப் பக்கமே வரக்கூடாது. கூடுதலாக, நலன் முரண்களை அடையாளம் காண்பது எப்படி என்ற மூன்று மணி நேர இணையப் பயிற்சியை நான் முடிக்க வேண்டும். அதை முடித்தும் விட்டேன். இறுதியில் சான்றிதழ் கொடுத்தார்கள். பன்னிரண்டாவது. ஓர் ஆண்டு செல்லும்.

அன்று மதியம் காணொளி நடக்கும்போது, பூட்சைக் கழற்றிவிட்டு சர்வர் அறையில் நின்றுகொண்டிருந்தேன். பச்சை விளக்குகளை எண்ணினேன். நூற்றுப் பதினெட்டு வந்தது. மறுபடி எண்ணினேன், நூற்றுப் பதினாறு. என் எண்ணிக்கையின் மேல் எனக்கே நம்பிக்கை போய்விட்ட நேரத்தில் கிரெக் உள்ளே வந்தான்.

"என்ன கேட்டாய்?"

"அதே கேள்விதான். ஐந்தை ஏழாக்கினேன்."

"என்ன சொன்னாள்?"

"மூன்று."

போச்சு என்று நினைத்தேன். பிறகுதான் கணுக்களில் எண்ணினேன். ஏழில் பாதிக்கு மேல் என்றால் நான்கு. நான்கு நிற்க வேண்டும், மூன்று விழலாம். விடை மூன்று. சரிதான்.

"டீக்கடை வந்ததா?"

"இல்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது," என்றான்.

ஐந்துக்கு ஐந்து. மொத்தம் முப்பத்தொன்பது. வேலை கிடைத்துவிட்டது. கிரெக்குக்கு ஒரு சந்தேகமும் இல்லை. எனக்கு இருந்தது. நேற்றும் மூன்று, இன்றும் மூன்று. எண்ணிச் சொன்னாளா, உருப்போட்டதையே மறுபடி சொல்லிவிட்டாளா? கேள்வி தானாக வந்து அவள் விடைக்குப் பொருந்திவிட்டதா? இதைக் கேட்பதற்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை. பன்னிரண்டு நாள் இதே நினைப்பு. இரத்த அழுத்தம் நூற்று அறுபது.

7

ஹேமாவதி வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், ஓய்வறையில் டீ போட்டுக்கொடுத்தேன். வெந்நீரில் பொட்டலத்தை முக்குகிற டீ. ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சார், நீங்க ஆவடிப் பக்கமா? கிரெக் சொன்னாரு."

"கோவில்பதாகை."

"அட, நம்ம பக்கம்! அன்னிக்கி மூச்சே உடலியே சார். கல்லு மாரி ஒக்காந்துகினு இருந்தீங்க."

"விதி அப்படி. அம்மா, ஒண்ணு கேக்கணும். அந்த அஞ்சு சர்வர் கேள்வி. உன் விரல் ரெண்டுலதான் நின்னுது. நான் பார்த்தேன். ஏன் மூணுன்னு சொன்ன?"

அவர் சிரித்துவிட்டார். "ரெண்டுன்னு எனக்குத் தெரியும் சார். ஆனா நோட்ஸ்ல மூணு. பரிச்சைன்னா நோட்ஸ்ல இன்னா கீதோ அதான். இண்டர்வியூவும் பரிச்சைதானே. கிளாஸ்ல ஒரு வாட்டி எந்திரிச்சிக் கேட்டேன் சார். டீக்கடையச் சொல்லி உக்கார வச்சிட்டாங்க. மொத்தக் கிளாசும் சிரிக்கிது. அதுக்கப்பறம் நான் ஏன் வாயத் தொறக்கறேன்? அந்த நோட்ஸ எழுதுன மகராசன் மட்டும் கையில கெடச்சான்னா..."

"நான்தாம்மா."

கோப்பை பாதி வழியில் நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து வினாடி.

"மெய்யாலுமா சார்?"

"மெய்யாலும். அன்னிக்கு ஒருத்தன் சரியாக் கேட்டான். தப்புன்னு ஒத்துக்க வெக்கமா இருந்துது. அந்த நிமிஷத்துல கிளம்பினதுதான் டீக்கடை. உன்னைக் கேக்காமலே உன் வேலைக்கு உலை வெக்கப் பார்த்துது. மன்னிச்சுக்கோ."

அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "அந்த டீக்கடைங்க நெசமாவே இருந்துதா சார்?" என்றார்.

"ஆவடித் தொழிற்சாலை கேட்டுல அஞ்சும் இருந்தது. எண்ணியிருக்கேன்."

"இப்ப ரெண்டுதான் சார் கீது. என் மாமனாரு அந்தத் தொழிற்சாலதான். ரோடு அகலம் பண்ண சொல்லோ மூணு போய்ட்ச்சி." கோப்பையை மறுபடி எடுத்துக்கொண்டு சொன்னார்: "டீ கெடைக்குது சார். அதுல ஒண்ணும் கொறையில்ல."

பதினெட்டு ஆண்டுக்கு முன் நான் புளுகியது, டீயைப் பொறுத்தவரை உண்மையாகிவிட்டிருக்கிறது. சர்வர்களைப் பொறுத்தவரை இன்னும் பொய்தான்.

"அந்த ஏழு சர்வர் கேள்வி? அதுக்கும் மூணுதானே சொன்ன?" பன்னிரண்டு நாள் வைத்திருந்ததைக் கடைசியில் கேட்டேவிட்டேன்.

"ஏழுக்கு நோட்ஸ்ல கேள்வியே இல்லியே சார். அதனாலதான் எண்ணிப் பாத்தேன்."

சொல்லிவிட்டு டீயைத் தொட்டியில் கொட்டிக் கோப்பையைக் கழுவினார். "நாளைக்கி நான் போடறேன் சார். இது டீயே இல்ல," என்று சொல்லிவிட்டு, சர்வர் அறைக்குப் போய் வாசலில் பூட்சைக் கழற்றினார்.

அன்று மாலை டில்லிபாபுவுக்கு மறுபடி போன் செய்தேன். முழுவதையும் சொன்னேன். உச்சுக்கொட்டிக்கொண்டே கேட்டார்.

"அத்த மாத்திட்டேன் சார், உங்க பேச்சிக்காக. மூணுன்றத ரெண்டாக்கிட்டேன். டீக்கடைய மட்டும் எடுக்கல. பசங்களுக்கு ரொம்ப புடிக்கிது. அது கெடக்கட்டும், இன்னா சொன்னீங்க, ஏழு சர்வரா? நம்ம நோட்ஸ்ல அது இல்லியே! ஒரு ஆன்சர் எழுதிக் குடுத்துடுங்க சார், அடுத்த எடிஷன்ல போட்டுடலாம்."

"வேண்டாம் பாபு. அது ஒண்ணுக்கு மட்டும் எழுதாதே. அதையாவது அவங்களே எண்ணிக்கட்டும்."

அம்பத்தூர் ஏரிக்கரையில் செருப்புச் சத்தம் நின்றது. அவர் யோசிப்பது இங்கே கேட்டது.

"சரி சார், நீங்க சொன்னா சரிதான். அப்ப ஆறுக்கு எழுதலாமா?"